எப்போது நிற்கிறது? செயின்சா என்ஜினின் கோளாறை அறியும் முறை

மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் தமிழகத்தின் தோப்புகளிலும் விறகுக் கடைகளிலும் ‘செயின்சா’ என்றும், பேச்சுவழக்கில் ‘மரம் அறுக்கும் மிஷின்’ என்றும் வழங்குகிறது. சவுக்குத் தோப்பு வெட்டுவோரின் கையில் ஒருகாலத்தில் இருந்த கோடரியையும், இருவர் எதிரெதிரே அமர்ந்து இழுக்கும் ரம்பத்தையும் அது பெரும்பாலும் அகற்றிவிட்டது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பகுதியின் முந்திரியையும் பலாவையும், 2016 டிசம்பரில் வர்தா சென்னையின் சாலையோர மரங்களையும், 2018 நவம்பரில் கஜா டெல்டா மாவட்டங்களின் தென்னையையும் சாய்த்தபோது, வழியை மறித்துக் கிடந்த மரங்களை அறுத்து அகற்றுவதில் பெரும்பங்கு இக்கருவிக்கே இருந்தது. இதைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு வருவோர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: ‘ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச நேரத்துல ஆஃப் ஆயிடுது.’ இதைக் கேட்டவுடன் ஸ்குரூடிரைவரை எடுத்துக் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்பத் தொடங்குவது பரவலான வழக்கமாக இருப்பினும், அது தொடங்க வேண்டிய இடமன்று, முடிக்க வேண்டிய இடம். என்ஜின் நிற்கிறது என்பது குறையின் பாதிதான்; அது எந்தத் தருணத்தில் நிற்கிறது என்பதே கோளாறு எந்த உறுப்பில் உள்ளது என்பதைக் காட்டிக்கொடுக்கும் மறுபாதி.

இதைப் புரிந்துகொள்ள இந்த என்ஜினின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். செயின்சாவில் இருப்பது இரண்டு-ஸ்ட்ரோக் என்ஜின், அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள் ஒரு முழு வேலைச் சுற்றை முடித்துவிடும் வகை. இதில் தனியாக ஆயில் தேக்கும் அறை கிடையாது. பெட்ரோலிலேயே கலந்து வரும் ‘டூ-டி’ ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் மசகு. பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறை காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டிருப்பதும், அந்த அறையில் மாறிமாறி எழும் அழுத்தமும் வெற்றிடமுமே கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுத்து மேலே அனுப்புவதும் இதன் தனித்தன்மை. ஆகவே இந்த அறையில் ஏற்படும் மிகச் சிறிய ஓட்டைகூட நான்கு-ஸ்ட்ரோக் பைக் என்ஜினில் ஏற்படாத தொல்லைகளை இங்கே ஏற்படுத்திவிடும்.

கார்புரேட்டரிலும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய பைக்குகளின் கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணமும் அதில் மிதக்கும் மிதவையும் பெட்ரோலின் மட்டத்தைச் சீராக வைத்திருக்கும். வண்டியைச் சாய்த்துப் போட்டால் அந்த மட்டம் குலைந்துவிடும். மரம் அறுப்பவர் நின்ற மரத்தை அறுக்கும்போது ரம்பத்தைப் பக்கவாட்டிலும், விழுந்த மரத்தைத் துண்டு போடும்போது நேராகவும், கிளை கழிக்கும்போது எந்தக் கோணத்திலும் பிடிக்க வேண்டியிருப்பதால் மிதவை இங்கே உதவாது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1929இல் உருவாக்கிய பெட்ரோல் ரம்பம் 46 கிலோ எடை கொண்டு இருவர் தூக்க வேண்டியதாக இருந்தது. அவருடைய நிறுவனம் 1959இல் வெளியிட்ட ‘கான்ட்ரா’ என்ற ரம்பம் சுமார் 12 கிலோவுக்கு இறங்கி ஒருவர் கையில் அடங்கியது. இடையில் நிகழ்ந்த மாற்றங்களுள் மிதவைக்குப் பதிலாக ‘டயாபிராம்’ எனப்படும் மெல்லிய சவ்வு வந்தது முக்கியமானது. இன்றைய செயின்சாவின் கார்புரேட்டரில் இரண்டு சவ்வுகள் உள்ளன. ஒன்று, கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பைச் சிறு துளை வழியே பெற்று மேலும் கீழும் அசைந்து டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பாக வேலை செய்கிறது. மற்றொன்று, உள்ளே பெட்ரோல் குறையும்போது ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி ஊசி வால்வைத் திறந்து தேவையான அளவை மட்டும் விடுகிறது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ரம்பம் ஓடுவது இந்தச் சவ்வுகளால்தான். அது அடிக்கடி நிற்பதற்கும் பெரும்பாலும் இவையே காரணமாகின்றன.

சோதனைக்கு முன் பாதுகாப்பு பற்றிய ஒரு வரி போதும்: பிரித்துப் பார்க்கும் எந்த வேலைக்கும் முன்பு பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், என்ஜினை ஓடவிட்டுச் சரிசெய்யும் வேலைகளில் ரம்பம் தரையில் உறுதியாக அமர்ந்திருக்க வேண்டும், சங்கிலி எதையும் தொடக் கூடாது.

தருணங்களில் முதலாவது, ஆக்சிலேட்டரை விட்டவுடன் நின்றுபோவது. கையை எடுத்ததும் என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்கு ‘ஐடிலிங்’ என்று பெயர். பெரும்பாலான ரம்பங்களில் அது நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்றுகளுக்கு இடைப்பட்டது. இந்த வேகத்தில் சங்கிலி அசையக் கூடாது. வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் விரியும் கிளட்ச் மட்டுமே சங்கிலியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். ஐடிலிங்கில் மட்டும் நின்று, மற்ற நேரங்களில் நன்றாக ஓடும் ரம்பத்தில், ஏர் ஃபில்டர் சுத்தமாகவும் பெட்ரோல் புதிதாகவும் இருந்தால், ஐடிலிங் திருகைச் சற்று வலப்பக்கம் திருப்புவதே போதுமான தீர்வாக அமையலாம். சங்கிலி அசையத் தொடங்கும் வரை திருப்பி, பிறகு அது நிற்கும்படி கால் சுற்று பின்னே எடுப்பது வழக்கமான முறை. சங்கிலி நிற்காமலேயே என்ஜின் நிற்கத் தொடங்கினால், அதாவது இரண்டுக்கும் நடுவே இடமே இல்லை என்றால், கோளாறு திருகில் இல்லை. கலவையிலோ, காற்று ஓட்டையிலோ, கிளட்சின் தளர்ந்த ஸ்பிரிங்கிலோ இருக்கிறது.

இரண்டாவது தருணம், ஆக்சிலேட்டரை அழுத்தியதும் ‘பம்’மென்று மூச்சடைத்து நிற்பது. காற்று திடீரென்று மிகுதியாகப் புகும்போது அதற்கு ஈடான பெட்ரோல் வந்து சேராததே பெரும்பாலும் இதற்குக் காரணம். பெட்ரோல் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் உள்ள கலவையை மெலிந்த கலவை என்றும், அதன் எதிர்நிலையைச் செறிந்த கலவை என்றும் சொல்லலாம். கார்புரேட்டரின் மீது ‘எல்’ என்று குறிக்கப்பட்ட திருகு குறைந்த வேகத்தின் கலவையையும், ‘எச்’ என்று குறிக்கப்பட்டது முழு வேகத்தின் கலவையையும் ஆளுகின்றன. இரண்டையும் வலப்பக்கம் திருப்பினால் கலவை மெலியும், இடப்பக்கம் திருப்பினால் செறியும். ‘எல்’ திருகை அரைக்கால் சுற்று இடப்பக்கம் திறந்தவுடன் மூச்சடைப்பு நீங்கினால் விடை கிடைத்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் நேற்று வரை சரியாக ஓடிய ரம்பம் இன்று ஏன் மெலிந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. திருகு தானாகத் திரும்பாது. பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டாங்கிக்குள் வரும் ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை இழுக்கலாம், டயாபிராம் விறைத்திருக்கலாம், அல்லது பெட்ரோலே மாறியிருக்கலாம்.

இந்தக் கடைசிக் காரணம் அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் பெரிதாகியிருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டை எட்டி, 2025இல் 20 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 பங்கு போதும். எனவே பழைய பெட்ரோலுக்கு அளந்து வைத்த திருகுகளோடு புதிய பெட்ரோலை ஊற்றினால், காற்று அதே அளவில் வர, எரிபொருள் பற்றாமல் போய்க் கலவை தானாகவே மெலிகிறது. காரிலும் புதிய பைக்கிலும் உள்ள கணினி இதை உணர்ந்து சரிசெய்துகொள்ளும். கையால் திருகும் கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. மின்னணு முறையில் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் உயர்விலை ரம்பங்கள் 25 விழுக்காடு வரையிலான எத்தனாலையும் தாங்குபவையாக அறிவிக்கப்பட்டிருக்க, சாதாரணக் கார்புரேட்டர் கொண்ட ரம்பங்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் 10 விழுக்காட்டையே எல்லையாக வைத்திருக்கின்றனர். அந்த எல்லைக்குட்பட்ட பெட்ரோல் விற்பனை நிலையங்களில் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், பழைய ரம்பத்தை வைத்திருப்பவருக்கு எஞ்சும் வழி திருகுகளைச் சற்றுச் செறிவாக அமைப்பதும், எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் செய்த குழாய்களையும் டயாபிராம்களையும் மாற்றிக்கொள்வதுமே.

எத்தனாலுக்கு மேலும் இரண்டு குணங்கள் உண்டு. பழைய வகை ரப்பரை அது ஊதச் செய்தோ விறைக்கச் செய்தோ கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் ஓரளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். ரம்பத்தின் ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான் என்பதால் என்ஜின் முதலில் குடிப்பது அந்த நீர்க் கலவையைத்தான், அதில் ஆயில் ஏறக்குறைய இருப்பதில்லை. மழைக்காலத்தில் மூலையில் வைத்து, கோடையில் எடுத்து இழுத்தவுடன் இரண்டு முறை முக்கி நிற்கும் ரம்பத்தின் கதை பெரும்பாலும் இதுவே. புயல் நேரத்து அவசரத்துக்கு வாங்கி, வேலை முடிந்ததும் டாங்கியில் பாதிப் பெட்ரோலோடு ஓரங்கட்டப்படும் ரம்பங்கள் இதற்கு எளிதில் இரையாகின்றன. ஆயில் கலந்த பெட்ரோலை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும், நெடுநாள் வைக்கும்போது டாங்கியைக் காலி செய்து, கார்புரேட்டரில் எஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும் வரை என்ஜினை ஓடவிட வேண்டும் என்பதும் கையேடுகளில் அச்சாகியிருந்தும் படிக்கப்படாத வரிகள்.

ஆயில் கலக்கும் அளவிலும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. சில நிறுவனங்களின் சொந்த ஆயிலுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பிற டூ-டி ஆயில்களுக்கும், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல ரம்பங்களுக்கும் 25க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. ‘மிஷினுக்கு நல்லது’ என்று இதற்கு மேலும் ஊற்றுவோர் உள்ளனர். கூடுதல் ஆயில் எரியாமல் பிளக்கில் படிந்து அதைக் கறுப்பாக்குவதோடு, சைலன்சரின் உள்ளே பொறியைத் தடுக்க வைக்கப்பட்ட மெல்லிய கம்பி வலையையும் கரியால் அடைத்துவிடும். புகை வெளியேறாத என்ஜினுக்குள் புதிய கலவை புக இடமில்லை. அது வேகமெடுக்காமல் திணறி நிற்கும். வலையைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து மாட்டியதும் சரியாகிவிடும் இந்தக் கோளாறுக்குக் கார்புரேட்டரையே புதிதாக மாற்றியவர்களும் உண்டு.

மூன்றாவது தருணம், பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு பெட்ரோல் தீர்ந்ததுபோல் மெல்ல அடங்கி நிற்பது. இங்கே முதலில் ஐயுற வேண்டியது டாங்கியின் காற்றுவழி. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக வெளிக்காற்றை உள்ளே விட்டு பெட்ரோலை வெளியே விடாத ஒரு சிறு வால்வு டாங்கியில் அமைந்திருக்கிறது. மரத்தூள் அதை அடைத்துவிட்டால், வாய் மூடிய பாட்டிலில் உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பதுபோல் சில மிடறுகளுக்குப் பின் ஒன்றும் வராது. நின்றவுடன் டாங்கி மூடியைத் திறக்கையில் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஒலி கேட்டு, உடனே ரம்பம் மீண்டும் ஓடினால் காற்றுவழியே குற்றவாளி. இந்தச் சோதனையில் ஓர் ஆபத்தும் உண்டு: வெயிலில் சூடேறிய டாங்கியில் வெற்றிடத்துக்குப் பதிலாக அழுத்தம் சேர்ந்திருக்கவும் கூடும், மூடியை விரைவாகத் திறந்தால் பெட்ரோல் பீறிட்டுச் சூடான சைலன்சர் மேல் விழும். ஆதலால் நிழலில் வைத்து, சற்று ஆறவிட்டு, மெதுவாகத் தளர்த்துவதே முறை.

சூடானபின் திடீரென்று, எந்த முன்னறிவிப்புமின்றி, சுவிட்சை அணைத்ததுபோல் நிற்பது வேறு வகை. பெட்ரோல் குறைவால் நிற்கும் என்ஜின் இழுத்து இழுத்து நிற்கும். தீப்பொறி அறுந்து நிற்கும் என்ஜின் வெட்டினாற்போல் நிற்கும். ஃப்ளைவீலில் உள்ள காந்தம் சுழன்று கடக்கும்போது மின்சாரம் உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் உள்ளே உள்ள மெல்லிய சுருள், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியபின் மீண்டும் சேர்ந்துகொள்வது இதற்குப் பெயர்பெற்ற காரணம். கடைக்குக் கொண்டு போவதற்குள் ஆறிவிடும் என்பதால் பழுதுபார்ப்பவருக்கு அது நன்றாகவே ஓடிக்காட்டும். நின்ற கணமே தோப்பிலேயே சோதிப்பதுதான் வழி: பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, அதன் இரும்புப் பகுதியைச் சிலிண்டரின் மீது, பிளக் துளையிலிருந்து தள்ளி அழுத்தி வைத்து, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். துளைக்கு அருகில் வைத்தால் உள்ளிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடும். பொறியே இல்லையென்றால், காயிலை மாற்றுவதற்கு முன் நிறுத்தும் சுவிட்சின் வயர் எங்கேனும் உரசி ரம்பத்தின் உலோக உடலில் படுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பல நூறு ரூபாய்ச் செலவை ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் மிச்சப்படுத்தும். பிளக்கின் முனைகளுக்கு இடைப்பட்ட இடைவெளி பெரும்பாலான ரம்பங்களில் 0.5 மில்லிமீட்டர்.

கோடையில் இன்னொன்றும் நிகழ்கிறது. கடும் வெயிலில் தொடர்ந்து அறுத்தபின் உடனே அணைத்தால், காற்றோட்டம் நின்ற என்ஜினின் சூடு கார்புரேட்டருக்கு ஏறிப் பெட்ரோலின் இலகுவான பகுதி அங்கேயே ஆவியாகிவிடும். அடுத்த சில நிமிடங்களுக்கு ரம்பம் ஸ்டார்ட் ஆகி ஆகி நிற்கும். அணைக்கும் முன் அரை நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டால் ஃப்ளைவீலின் விசிறி சூட்டைத் தணித்துவிடும். சிலிண்டரின் தகடுகளுக்கு இடையே தூளும் ஆயிலும் களியாகப் பூசியிருந்தால் அந்த விசிறியால் பயனில்லை என்பதால் உறையைக் கழற்றிச் சுரண்டுவதும் இவ்வேலையின் ஒரு பகுதியே.

அறுக்கும்போது மட்டும் நிற்கும் ரம்பத்தில் என்ஜினைக் குறைசொல்வதற்கு முன் சங்கிலியைப் பார்க்க வேண்டும். கூரான பல் மரத்தைச் சீவலாக வெட்டித் தள்ளும். மழுங்கிய பல் மாவுபோன்ற தூளைத்தான் தள்ளும். தென்னையின் வெளிப்புறத்து வைரம் பல்லை விரைவில் மழுக்கக்கூடியது. அதன்பின் அறுப்பவர் ரம்பத்தைப் பலத்தோடு அழுத்த, என்ஜின் அந்தச் சுமை தாங்காமல் நிற்கிறது. செயின் பிரேக் பாதி விழுந்திருப்பதும், சங்கிலி அளவுக்கு மீறி இறுகியிருப்பதும் இதே விளைவைத் தரும். ஏர் ஃபில்டர் அடைத்த ரம்பமும் சுமையில்தான் திணறும், ஏனெனில் காற்றுக் குறைந்து கலவை செறிந்துவிடுகிறது. ஃபில்டரைக் கழற்றிய சில நொடிகள் அது தெளிவாக ஓடினால் காரணம் விளங்கிவிடும், ஆயினும் ஃபில்டர் இல்லாமல் அறுக்கத் தொடங்கினால் தூள் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

சாய்த்தால் நிற்பதற்கு எளிய காரணமும் கடினமான காரணமும் உண்டு. எளியது, டாங்கிக்குள் தொங்கும் குழாய் விறைத்து, ஃபில்டர் பெட்ரோல் உள்ள பக்கத்துக்கு உருண்டு செல்ல முடியாமல் ஒரே இடத்தில் நிற்பது. கடினமானது கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றைத் தடுக்கும் ஆயில் சீல் தேய்ந்து, ஒரு பக்கம் சாய்க்கும்போது இடைவெளி திறந்து காற்று புகுவது. ஆக்சிலேட்டரை விட்டபின்னும் வேகம் உடனே இறங்காமல் தொங்குவது, ஐடிலிங் ஏறியும் இறங்கியும் அலைவது, திருகு எங்கே வைத்தாலும் நிலைக்காதது ஆகிய மூன்றும் சேர்ந்து தோன்றினால் காற்று ஓட்டை என்று ஏறக்குறைய உறுதிப்படுத்தலாம். பழுதுபார்ப்பவர்கள் சைலன்சர் துளையையும் கார்புரேட்டர் துளையையும் அடைத்து, சிறு பம்பினால் உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்த்து ஓட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பர். அழுத்தத்தில் தாங்கும் சீல் வெற்றிடத்தில் விட்டுவிடக்கூடும் என்பதால் இரண்டு வகையிலும் சோதிப்பதே நேர்த்தியான வேலை.

இந்த ஓட்டையைத் தேடாமல் ஐடிலிங் திருகை மட்டும் ஏற்றி ஓட்டுவதுதான் செயின்சாவுக்கு நேரும் கேடுகளில் மிகவும் செலவு வைப்பது. வெளியிலிருந்து புகும் காற்றுக் கலவையை மெலிதாக்க, மெலிந்த கலவையோடு ஆயிலும் குறைவாகவே வந்து சேர, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரின் சுவரைக் கீறுகிறது. ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து ரம்பத்தைத் தொங்கவிட்டால், நல்ல என்ஜினின் அழுத்தம் அதைத் தாங்கிக் கட்டம் கட்டமாக இறக்கும். கீறிய என்ஜினில் கயிறு தடையின்றி நழுவும். அழுத்தமானி வைத்துப் பார்த்தால் நல்ல நிலையிலுள்ள ரம்பம் பொதுவாக 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். 100க்குக் கீழே இறங்கினால் சூட்டில் நிற்பதும் மீண்டும் ஸ்டார்ட் ஆக மறுப்பதும் இயல்பாகிவிடும். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கத்தில் நெடுங்கோடுகள் தெரியும். அந்நிலையில் பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றப்படும். ஆனால் காற்று எங்கிருந்து புகுந்தது என்று கண்டு சீலையோ ரப்பர் இணைப்பையோ மாற்றாமல் புதிய பிஸ்டனைப் போட்டு அனுப்பினால், அதே காற்று அதே வழியே புகுந்து அந்தப் புதிய பிஸ்டனையும் கீறிவிடும்.